மறைப்புள்ள சாவடி

சென்னையிலிருந்து பூந்தமல்லியை நோக்கி வந்தால் சாவடிகள் வரிசையாக வரும்: வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம்; ஊர்க்கூட்டம் கூடும் இடம்; வரி வாங்கும் இடமும் அதுவே. சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி என்று அந்தச் சொல்லை இன்றும் நாம் கைவிடவில்லை. எல்லாரும் நின்று கடந்தாக வேண்டிய இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் நம்மிடம் இல்லை.

கரையான்சாவடியில் ஆவடி பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், எங்கள் தெருப் பையன் தன் செல்போனைக் காட்டினான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. திரையின் மேல் ஓரத்தில் சிறிய சாவிக் குறி தெரிந்தது. "வி.பி.என் போட்டிருக்கேண்ணா. இனிமே நான் என்ன பாக்குறேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான். யார் நடத்துகிற செயலி என்று கேட்டேன். "தெரியலண்ணா. ஃப்ரீதான். நாலரை ஸ்டார் போட்டிருந்தாங்க."

அவன் முகத்தில் இருந்த நிம்மதிதான் என்னை இதை எழுத வைக்கிறது.

வி.பி.என் செய்வது இவ்வளவுதான். நம் போனிலிருந்து கிளம்பும் தரவைப் பூட்டி, வேறெங்கோ உள்ள ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே பூட்டு திறக்கப்பட்டு, தரவு இணையத்துக்குள் போகிறது. இடையில் இருக்கும் வைஃபைக்காரருக்கும் சிம் நிறுவனத்துக்கும் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியாது. ஆனால் அந்த சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். அதாவது அதுவும் ஒரு சாவடி. முன்பு ஊரறிந்த ஒரு நிறுவனம் பார்த்ததை, இப்போது பெயரறியாத ஒருவர் பார்க்கிறார். யாரையும் நம்ப வேண்டாத நிலை இதனால் வந்துவிடவில்லை. நம்ப வேண்டிய ஆள் மாறியிருக்கிறார்.

அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஓனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. அதன் இலவச வி.பி.என் செயலி தரவைப் பாதுகாக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. மக்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக் அதன் வழியாகத் தெரிந்துகொண்டது. பயனர்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020 ஜூலையில், எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று உறுதி கூறிவந்த ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு இலவச வி.பி.என்களின் பதிவேடுகள், பூட்டே இல்லாத ஒரு சர்வரில் 1.2 டெராபைட் அளவுக்குத் திறந்து கிடந்தன. 2016இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு ஒன்று 283 ஆண்ட்ராய்டு வி.பி.என் செயலிகளைச் சோதித்தது. 38 சதவீதச் செயலிகளில் தீநிரல்களின் தடயம் இருந்தது. 18 சதவீதச் செயலிகள் தரவைப் பூட்டவே இல்லை.

நடத்துபவர் நேர்மையானவராக இருந்தாலும் பாதை ஓட்டையாக இருக்கலாம். 2024 மே மாதம் 'டனல்விஷன்' என்ற பலவீனம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஒரு வைஃபையில் நாம் சேரும்போது, எந்த வழியாகத் தரவை அனுப்ப வேண்டும் என்று அந்த வைஃபை நம் கணினிக்குச் சொல்ல முடியும். 2002 முதல் இருந்துவரும் வசதி இது. கெட்ட எண்ணத்தோடு வைஃபை நடத்துபவர் இதைப் பயன்படுத்தித் தரவை வி.பி.என்னின் பூட்டிய குழாய்க்கு வெளியே திருப்பிவிடலாம். வி.பி.என் மட்டும் 'இணைப்பில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் அந்த வசதியே இல்லாததால் அந்தப் பையனின் போனுக்கு இந்த ஆபத்து இல்லை. கடையிலும் விடுதியிலும் ஆபீஸ் லேப்டாப்பைத் திறப்பவர்களுக்கு உண்டு.

அலுவலக வாசல்களும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் வி.பி.என் கருவிகளில் இருந்த ஓட்டைகள் வழியாக ஊடுருவல்கள் நடந்ததால், அவற்றை உடனே கழற்றும்படி அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அரசுத் துறைகளுக்கு உத்தரவிட்டது. 2021 ஏப்ரலில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு வி.பி.என் கணக்கின் வழியாக. அதற்கு இருந்த காவல் ஒரே ஒரு கடவுச்சொல்.

நம் நாடு இதை எப்படி அணுகியது? 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு கட்டளை பிறப்பித்தது. வி.பி.என் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்குத் தரப்பட்ட ஐ.பி. முகவரி, எதற்காக அந்தச் சேவையை வாங்கினார் என்பது வரை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்களுக்கு இது பொருந்தாது. பதிவே வைப்பதில்லை என்ற வாக்குறுதியில் தொழில் நடத்திய எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் ஆகியவை அதே ஆண்டில் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. வெளியாரை அழைத்துத் தணிக்கை செய்வித்து அறிக்கை தரும் நிறுவனங்கள் அவை.

குற்றவாளிகள் வி.பி.என்னுக்குப் பின்னால் மறைந்துகொள்வார்கள் என்ற காவல்துறையின் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் பதறி ஓடிய நாள் அது. அப்படி எழுதியவரைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் குற்றம் செய்யத் துணிந்தவர் தன் உண்மைப் பெயரையும் முகவரியையும் கொடுத்துச் சந்தா கட்டமாட்டார். ஐந்தாண்டுப் பதிவேட்டில் மிஞ்சுவது குற்றம் ஏதும் செய்யாதவர்களின் பெயர்கள்தான். அந்தப் பதிவேடே திருடர்களை இழுக்கும் பொருளாகவும் ஆகிவிடும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள்ளேயே ஒரு பயனரின் கடவுச்சொல்லைக் கொண்டு வெளியார் நுழைந்தனர். சேர்த்து வைத்த எதையும் காத்து நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

"தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சாவடிக்குள் போய்வந்தவர்கள்தான். வாக்குச்சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி ஓர் அட்டை மறைப்பு இருக்கும். அதை வைப்பது அரசு. அதற்குள் போகிற யாரையும் குற்றவாளி என்று நாம் நினைப்பதில்லை. மறைவு இல்லாவிட்டால் பணக்காரருக்கும் முதலாளிக்கும் உள்ளூர்ப் பெரியவருக்கும் பயந்துதான் ஏழை வாக்களிப்பார் என்பதால் அந்த மறைப்பு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்கின் ரகசியத்தைக் காக்கத் தவறும் தேர்தல் பணியாளருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. அங்கே சட்டம் பிடியில் வைத்திருப்பது சாவடியை நடத்துபவரை.

என் வேண்டுகோளும் அதுவே. ஒரு நோயின் பெயரைத் தேடுகிற பெண்ணும், முதலாளி மீது புகார் எழுதுகிற தொழிலாளியும், செய்தி சேகரிக்கிற நிருபரும் அந்த மறைப்புக்கு உரியவர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அதே சட்டம் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் தருகிறது. வி.பி.என் நடத்துபவர் யார், எங்கே பதிவு செய்தவர், எப்படிப் பணம் ஈட்டுகிறார், யார் தணிக்கை செய்தார் என்பதை அவரைக் கொண்டு சொல்ல வைக்கும் விதிதான் நமக்கு வேண்டும். பயன்படுத்துபவரின் பெயரைச் சேர்ப்பதால் எந்தக் குழாயின் ஓட்டையும் அடைபடாது.

அந்தப் பையனும் நானும் பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். வங்கிச் செயலியும் பெரும்பாலான தளங்களும் ஏற்கெனவே தம் தரவைப் பூட்டியே அனுப்புகின்றன, அதற்காக வி.பி.என் கட்டாயமில்லை. கூகுள் கணக்கோடு உள்ளே போன பிறகு, நாம் யார் என்பது கூகுளுக்கு எப்படியும் தெரியும். வேண்டுமானால் தணிக்கை அறிக்கை வெளியிடுகிற, நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிற, காசு வாங்குகிற சேவையைத் தேர்ந்துகொள்ளலாம். போனின் அமைப்பில் 'எப்போதும் வி.பி.என்' என்பதையும், வி.பி.என் இல்லாத இணைப்பைத் தடுக்கும் தேர்வையும் போட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொடவே கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எதத்தாண்ணா நம்புறது?" என்றான்.

அவனிடம் ஒன்றை நினைவூட்டினேன். வி.பி.என் செயலியை முதன்முறை இயக்கும்போது ஆண்ட்ராய்டு ஓர் அறிவிப்பைக் காட்டும்: இந்தச் செயலியால் உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், இதை நம்பினால் மட்டும் அனுமதியுங்கள் என்று. படித்த நினைவு அவனுக்கு இல்லை. "ஓகே குடுத்திருப்பேண்ணா" என்றான். பிறகு போனை எடுத்து, செயலியின் பக்கத்தைத் திறந்து, நடத்துபவரின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினான். பஸ் வந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தான்.