புதுமை எங்கே தொடங்குகிறது?

வேதிப் பொறியியல் படித்த பிள்ளை பேட்டன்ட் ஏஜென்ட் ஆகப்போகிறேன் என்றால் வீட்டில் முதலில் எழுவது ஒரு மனக்குறை. நான்கு வருடம் ரியாக்டரும் டிஸ்டிலேஷனும் படித்துவிட்டு, யாரோ கண்டுபிடித்ததை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பதா? வெளியார் கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடலாம். கூடப் படித்தவர்கள் மணலியிலும் ஜாம்நகரிலும் ஆலைகளை ஓட்டிக்கொண்டிருக்க, நடுவயதில் அதே கேள்வி தனக்குள்ளிருந்தே வரும்போதுதான் கனக்கிறது. காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இருக்கும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருப்பது இன்னொருவர் பெயர்.

இப்படி ஒரு வாழ்நாளைக் கழிக்கலாமா? பதில் தேட, அந்த மேசையில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆய்வாளர் வருகிறார். “80 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் யீல்டு கூடுது சார்” என்கிறார். சட்டம் மட்டும் தெரிந்தவர் அதை அப்படியே குறித்துக்கொள்ளக்கூடும். ஆலையை அறிந்தவருக்கு அங்கேயே கேள்விகள் முளைக்கும். 60 டிகிரியில் என்ன ஆயிற்று? வினையூக்கி போடாமல் செய்து பார்த்தீர்களா? ஒரு லிட்டர் குடுவையில் வந்தது 5,000 லிட்டர் ரியாக்டரில் வருமா? பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு கூடும் அளவுக்குச் சுவர்ப் பரப்பு கூடுவதில்லை. வெப்பம் வெளியேறும் வழி குறைகிறது. குடுவையில் சாதுவாக நடந்த வினை ஆலையில் கைமீறிப் போகலாம். இது தெரிந்தவர் துருவித் துருவிக் கேட்கும்போது கண்டுபிடிப்பின் முகமே சில சமயம் மாறிவிடும். வெப்பநிலைதான் காரணம் என்று ஆய்வாளர் நம்பியிருப்பார். மூலப்பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்த விதம்தான் உண்மையான காரணமாக இருக்கும்.

இந்தக் கேள்விகளை முதலிலேயே கேட்டாக வேண்டும். விண்ணப்பம் போன பிறகு, அதில் இல்லாத புதுச் செய்தி எதையும் திருத்தம் என்ற பெயரில் நுழைக்கச் சட்டம் விடாது. 20 ஆண்டு உரிமை கேட்பவர், தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை ஒளிக்காமல் எழுதித்தர வேண்டும் என்பதும் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் நிபந்தனை. துறை அறிந்த வேறொருவர் படித்துச் செய்துபார்க்க முடியாதபடி எழுதினால், அதைக் காட்டியே காப்புரிமையை ரத்து செய்யக் கோரலாம். அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் இல்லாதவர் ஏஜென்ட் ஆக முடியாது. சட்டப் பட்டம் கட்டாயமில்லை. இந்த நிபந்தனைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எழுதுவதைவிடக் கடினமான வேலை இன்னொன்று உண்டு. கிளெய்ம் என்று இத்துறையில் சொல்லும் உரிமைக் கோரிக்கை, நிலத்துக்கு எல்லைக்கல் நடுவது போன்றது. கட்சிக்காரர் எவ்வளவு தூரம் தள்ளி நட முடியுமோ அவ்வளவு தூரம் நடச் சொல்வார். காசு கொடுப்பவர் அவர். கல்லுக்கு அப்பால் இருப்பதோ எல்லோருக்கும் சொந்தமான அறிவு.

மஞ்சளுக்கு நேர்ந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயத்தை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் எல்லோரும் அறிந்த வைத்தியம். ஆனால் பாட்டி சொன்னாள் என்பது அப்போது அங்கே சான்றாகவில்லை; அச்சிட்ட எழுத்து வேண்டியிருந்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்துக் கொடுத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அப்போது மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்த ஆர்.ஏ. மாஷேல்கர், மும்பையில் படித்த வேதிப் பொறியாளர். பேட்டன்ட் படிக்கத் தெரியாத விஞ்ஞானி பாதி விஞ்ஞானிதான் என்ற எண்ணத்தை இந்திய ஆய்வகங்களில் ஊன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னையிலேயே தொடங்கிய வழக்கு இன்னும் ஆழமானது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் முன்பே தெரிந்த சேர்மம். அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு, 1998இல் நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மறுத்துவிட்டது. வழக்கு பல படிகள் ஏறி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் அதே முடிவோடு நின்றது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் மருந்துக்கு 10,000க்குள் என்று விலை வித்தியாசம் பேசப்பட்ட காலம் அது.

இந்த வழக்கு நின்ற இடம் வேதிப் பொறியாளருக்கு நன்றாகப் பழகிய இடம். பீட்டா வடிவம் நன்றாக வழியும், நிலையாக இருக்கும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும், உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேரும் என்பது நிறுவனத்தின் வாதம். பொடி வழியுமா, ஈரம் இழுக்குமா என்பதெல்லாம் மாத்திரை அடிக்கும் இயந்திரத்தின் அருகில் நின்றவரின் அன்றாடக் கவலை. அந்தக் குணங்களின் அருமை அவருக்குத் தெரியும். பொடி நன்றாக வழிவதால் மட்டும் நோய் கூடுதலாகக் குணமாகிவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் குணங்கள் தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் உதவலாம், முன்பே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குச் சட்டம் கேட்பது கூடுதலாகக் குணமாக்கும் திறன் என்றது நீதிமன்றம். உடலில் கூடுதலாகச் சேர்வதும் தானாகவே அந்தத் திறனாகிவிடாது, தனியே நிரூபிக்க வேண்டும் என்றது.

விண்ணப்பத்துக்கும் எதிர்ப்புக்கும் தேவைப்பட்டது ஒரே வேதியியல்தான். இரண்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது நேர்மையான தொழிலே. கதவைச் சாத்திக்கொண்டு கட்சிக்காரரிடம் என்ன சொல்கிறார் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். “இது புதுசு இல்லீங்க. 1980லேயே ஒருத்தர் செஞ்சிருக்கார். உங்களோடது இந்தச் சின்னப் பகுதி மட்டும்தான்” என்று சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வராது. வினை எப்படி நடக்கிறது என்று கையால் அறிந்தவர் சொன்னால் கட்சிக்காரரும் கேட்டுக்கொள்கிறார். மிஞ்சிய சின்னப் பகுதிக்கு உறுதியான உரிமையும் கிடைக்கிறது. அகலமாகக் கேட்டு எல்லாவற்றையும் இழப்பதைவிட அவருக்கு அது லாபம்.

ஆகவே ஏஜென்ட் ஆனவர் பொறியியலை விட்டுவிட்டார் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆலையில் இருப்பவர் ஒரு ரியாக்டரை ஓட்டுகிறார். இவர் எழுதும் விவரத்தை வைத்து, முன்பின் பார்த்திராத ஒருவர், உரிமைக் காலம் முடிந்த பிறகு, யாரிடமும் கேட்காமல் ஓட்ட முடிய வேண்டும். அப்படி எழுத முடிந்தவருக்குத் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்ற கவலை மெல்லக் குறையும்.

இன்று இறுதியாண்டிலிருந்தே பிள்ளைகள் இந்தத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் இரண்டு தாள்களுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் உட்காருவதற்கு முன், ஓரிரு வருடமாவது ஆலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு வருவது நல்லது. வெப்பம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர், ஆய்வாளரிடம் 60 டிகிரியில் என்ன ஆயிற்று என்று கேட்காமல் விடமாட்டார்.