களிம்பு

மாமா கூப்பிட்டபோது மாலை நாலரை மணி இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறைக்கு வெளியே மோனோரயில் பாதைகூடத் தெரியாத அளவுக்கு மழை. அவர் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் பிக்கப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய நாற்காலிகள் நனைந்துகொண்டிருந்தன.

"வைப்பர் நின்னுபோச்சுடா. கண்ணாடிக்கு நடுவுல கையத் தூக்கிக்கிட்டு நிக்குது."

மறுநாள் கிள்ளானில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். மோட்டார் போய்விட்டது, மாற்ற 480 வெள்ளி என்றார்களாம். திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்த மாதிரி தெரியவில்லை என்றார். சனிக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவன். குடும்பத்தில் எது நின்றாலும், அம்மி தவிர, எனக்குத்தான் அழைப்பு வரும்.

வைப்பர் நின்றால் முதலில் செய்ய வேண்டியது காதால் கேட்பது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, கை மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு இணைப்புத் தண்டில், அல்லது கையைப் பிடித்திருக்கும் நட்டில். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், கம்பி, கடைசியாக மோட்டார். மாமாவின் வண்டியில் சத்தம் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே 'டிக்' என்றது. மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. அப்படியானால் மோட்டார்தான் என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னதில் தப்பே இல்லை போலத்தான் தெரிந்தது.

ஆனால் அந்த 12.4ஐ அப்படியே நம்பக் கூடாது. மல்டிமீட்டர் உறிஞ்சும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. கம்பி முக்கால்வாசி அரித்துப்போயிருந்தாலும் மீட்டருக்கு முழு வோல்ட்டையும் காட்டிவிடும். மோட்டாரை மாட்டி, சுமை ஏற்றி அளந்தால்தான் உண்மை தெரியும். இணைப்பை மீண்டும் மாட்டி, பின்பக்கமாக ஊசியைச் செருகி, மோட்டாரின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட். பாதிக்கு மேல் எர்த் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு தனிக் கம்பியை மோட்டாரின் எர்த்திலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கொடுத்ததும் வைப்பர் படபடவென்று ஆடியது. மாமா கை தட்டினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். புதுக் கம்பி ஒன்றை நிரந்தரமாக இழுத்துவிட்டு, அத்தை போட்டுத் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியிருக்கலாம். எனக்கு அந்தப் பழைய கம்பி ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். எர்த் கம்பி அதற்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. உறையைச் சீவினால் உள்ளே விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. அந்த மூலையில், யார் கழுவினாலும் கை போகாத மடிப்பில், மாவு போல மெல்லிய வண்டல் படிந்திருந்தது.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன். கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. கம்பளத்தைத் தூக்கினேன். இருக்கையின் போல்ட்டுகள் துரு.

2021 டிசம்பர் 18ஐ கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் ஆட்கள் கூரையில் ஏறி நின்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாகச் சேறு பூசிய வண்டிகள் நின்றன. வெள்ளத்துக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால் சாதாரண வாகனக் காப்புறுதி அந்த நட்டத்தைத் தராது என்பது பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வண்டிகள் எங்கே போயிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. மாமா இந்த பிக்கப்பை வாங்கியது 2022 நடுவில், ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில். எந்தத் தெருவில் நின்ற வண்டி என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் நின்ற வண்டி என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

கம்பியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது வளையம் அழுத்தி, தகரத்தைத் தேய்த்து முடுக்கி, கிரீஸ் பூசினேன். செலவு ஐந்து வெள்ளிகூட இல்லை. பிறகு, நான் பார்த்ததை மாமாவிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இத இனிமே வெச்சிருக்கக் கூடாது. வித்துடுவோம்" என்றார்.

"வாங்குறவங்ககிட்ட சொல்லணும் மாமா."

"எனக்கு எவன் சொன்னான்?"

அன்றிலிருந்து எனக்கு உறுத்துவது இதுதான். காலையில் மாமா நல்ல மனிதர். வண்டியை வைத்துப் பிழைக்கிறார், விற்றால்கூட மனதறிந்து யாரையும் ஏமாற்றியவர் ஆகமாட்டார். மாலையில் அதே வண்டி, அதே விலை, வாயைத் திறக்காவிட்டால் ஏமாற்றுக்காரர். நடுவில் மாறியது ஒரு பிளாஸ்டிக் மூடி கழன்றது மட்டும். திறந்துகூடப் பார்க்காமல் 480 வெள்ளி சொன்ன பட்டறைக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவருக்குத் தெரியாது, அதனால் அவர் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காகப் பார்த்தவனுக்குத்தான் கடன் ஏறுகிறது. இது என்ன கணக்கு?

சிசரோ கி.மு. 44இல் தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வீடு விற்கும் ஒருவன் வருகிறான். வீட்டில் நோய் உண்டு, அறைகளில் பாம்பு வரும், மரம் இற்றுப்போனது. இது அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதாடுகிறார். வாங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே! அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வழி தவறியவனுக்குத் தெரிந்தே வழி காட்டாமல் விடுவதைப் போன்றது இது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர வேண்டியதில்லை, ஆனால் உன் லாபத்துக்காக மற்றவனைத் தெரியாமலே வைத்திருப்பது மறைப்புதான் என்கிறார். நானும் மாணவர் பக்கம்தான். ஆனாலும் அந்த வீட்டுக்காரனுக்கு விஷயம் எப்படித் தெரியவந்தது என்று அந்த மூவரும் கேட்கவில்லை. சும்மா இருந்தவரிடம் ஒரு மருமகன் வந்து சுவரை இடித்துக் காட்டினானா?

மாமா சிசரோ படித்தவரில்லை, தமிழ்ப்பள்ளியில் குறள் படித்தவர். "நல்லது நடக்கும்னா பொய்யும் உண்மைதான்னு வள்ளுவரே சொல்லிட்டாரு" என்றார். அந்த நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது என்று வள்ளுவர் நிபந்தனை போட்டிருக்கிறார் என்றேன். "அவருக்கு பேங்க் லோன் இல்ல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் மனைவியோடு பார்க்க வந்தார். சாப்பாடு விநியோகம் ஆரம்பிக்கப் போகிறாராம். வைப்பரைப் போட்டுக் காட்டினார் மாமா. அழகாக ஆடியது. "என் மருமகன் இன்ஜினியர், அவனே பாத்துப் பாத்து செஞ்சது" என்றார். நான் பார்த்த வேலை அவர் வாயில் ஒரு சான்றிதழாக மாறிக்கொண்டிருந்தது. அந்த அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி, நம்பி வாங்கலாமா?" என்றார்.

"தண்ணி ஏறுன வண்டிண்ணே. வைப்பர சரி பண்ணியாச்சு. மத்த கம்பியெல்லாம் எப்ப போகும்னு சொல்ல முடியாது."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கா வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் பிறகு கூச்சமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னது நான், சிரிப்பு கிடைத்ததும் எனக்கு. மாதாமாதம் தவணை கட்டப்போவது மாமா. அதில் பாதியை நான் கட்டுகிறேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "போடா" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. வைப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிறு கூப்பிட்டார். வலது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறதாம்.

"மீட்டரைக் கொண்டு வா. கண்ணாடிய மட்டும் பாரு, வேற எதையும் கழட்டாத" என்றார்.