மலைவழிபாடு

இறைவன் எங்கும் நிறைந்தவனாயின், அவனைத் தொழுதற்பொருட்டு மலையேறுதல் எற்றுக்கு என வினவுவார் பலர். இவ்வினாவிற்கு யாமும் நாற்பதாண்டாக மேடையிலிருந்தே விடை பகர்ந்து வந்தேம். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தைக் காட்டுவேம்; பிறவிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்து நிற்கும் பெருமான், திருக்கோயிலில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என்பேம். கேட்டார் தலையசைப்பர். எம் கால்கள் மட்டும் திண்ணையை விட்டு அசைந்தில.

எம் ஊராகிய பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று நோக்குவார்க்குத் தென்மேற்கே சேர்வராயன் மலையும், கிழக்கே சித்தேரி மலையும் தோன்றும். சென்ற தைத் திங்கள் தொட்டு மார்கழி ஈறாகத் திங்கட்கு ஒருமுறையேனும் இப்பக்கத்துக் குன்றுகளில் ஒன்றனை ஏறித் தொழுவதென நோன்பு பூண்டேம். அறுபதைக் கடந்த முழங்கால் இதற்கு எளிதில் உடன்பட்டிலது, அது நிற்க.

முதற்கண் ஏறியது தீர்த்தமலை. அரூருக்கு வடகிழக்கே உள்ளது. அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்றது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் வடிவாம்பிகையுடன் எழுந்தருளியுள்ளார். இராமபிரானது பூசைக்கு நீர் கொணரச் சென்ற அநுமன் காலந்தாழ்ப்ப, இராமபிரான் அம்பெய்து பாறையினின்றும் நீர் வருவித்தனர் என்பதும், பின் வந்த அநுமன் வீசியெறிந்த நீரே பெண்ணைக்கரையில் அநுமன் தீர்த்தமாயிற்று என்பதும் தலவரலாறு. இராமதீர்த்தம், குமாரதீர்த்தம், கௌரிதீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினிதீர்த்தம் என ஐந்து தீர்த்தங்கள் மலைமேல் உள்ளன. இராமதீர்த்தம் பாறையினின்று தலைமேல் வீழ நின்றேம். வீழுமிடம் கண்டேம், ஊறுமிடம் காணேம். திரோதான சத்தியைப் பற்றி மாணாக்கர்க்கு எத்துணையோ முறை விரித்துரைத்த யாம், அதனை உடம்பின்மேற் குளிர உணர்ந்தது அன்றுதான்.

சேர்வராயன் மலைமுடி 5,000 அடிக்கு மேற்பட்டது. ஆண்டுக் கோயில் ஒரு குகை, குனிந்தன்றி உட்புகலாகாது. மலையாளி எனப்படும் மலைக்குடியினர் (சேரநாட்டாரல்லர், தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தவர் என்பது இவர்தம் வழிவழிச் செய்தி) மே மாதத்தில் இங்கே விழவெடுப்பர். இம்மலைப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர் நிலநூலார். ஆயினும் அதுவும் மாயையின் காரியமே. தோன்றி நின்று ஒடுங்குதலினின்றும் தப்பாது. மலையே இலிங்கமாகிய திருவண்ணாமலையிலும் கல்லைத் தொழுகின்றேமல்லேம். கல்லிற் கலந்து நிற்பானையே தொழுகின்றேம். எனவே மலையின் உயர்வும் பழமையும் ஈண்டு ஒரு பொருளல்ல என்று தெளிந்து, அத்தெளிவினால் சிறிது செருக்கும் உற்று இறங்கினேம்.

ஆடித் திங்களில் சித்தேரி மலைச்சரிவில் அச்செருக்கிற்கு ஊறு நேர்ந்தது. வழுக்குமோர் பாறையில் யாம் தயங்கி நின்றுழி, தலையிற் சாமை மூட்டையுடன் வந்த மலையாளி முதியவர் ஒருவர் கைகொடுத்து ஏற்றினார். சிறிது சென்றபின் மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லொன்று நின்றது. அவர் மூட்டையை இறக்கினார், தாம் குடித்தற்கு வைத்திருந்த நீரில் முதற்பங்கை அக்கல்லின்மேல் வார்த்தார், விழுந்து வணங்கினார். பின் எம்மை நோக்கி, “கும்பிடுங்க சாமி” என்றார்.

எம் கைகள் குவிந்தில. இக்கல்லைப் பிரதிட்டை செய்தார் யாவர், எவ்வாகமத்தின் வழி, எம்மந்திரத்தால் என நெஞ்சம் வினவிக்கொண்டே நின்றது. அவர் எம்மைச் சிறிதும் வெறுத்திலர். மூட்டையை எடுத்து முன்னே நடந்து, எம் பொருட்டு வழியிலிருந்த முட்களை அகற்றிக்கொண்டே சென்றார்.

அன்றிரவு எமக்குத் துயிலில்லை. எத்தெய்வத்திற்குச் செய்யும் வழிபாட்டையும் ஏற்றுப் பயன் தருபவன் சிவபிரானே என்று அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் நிறுவியதனை ஆண்டுதோறும் பாடஞ் சொன்னவர் யாமன்றோ? நாவிற்கு வந்த பொருள் கைக்கு வாராமை என்னை? ஆணவம் அறியாமையாகவே வரும் என்றெண்ணியிருந்தேம். கற்ற நூலையே போர்வையாகப் போர்த்தும் வரும் எனக் கண்டிலேம்.

கண்ணப்ப நாயனார் வரலாற்றில் யாவரும் திண்ணனார் பக்கமே நிற்க விழைவர். யாம் அன்று நின்றது சிவகோசரியார் நின்ற இடத்தில். வாயில் நீர் கொணர்ந்தாட்டிய வேடரது செய்கை கண்டு அவர் நடுங்கினார். அந்நடுக்கமும் அன்பின் வழியதே. இறைவர் அவரைக் கடிந்திலர். ஆகமபூசையை விடுக என்றும் பணித்திலர். மறைந்திருந்து காண்க என்றே கனவில் உணர்த்தினர். ஆதலின் இவ்வரலாறு கொண்டு ஆகமநெறி வேண்டாவென்பார் அதன் பொருளறியாதார். காண்க என்ற அவ்வாணையைச் சிவகோசரியார் மறாது மேற்கொண்டார். யாமோ கண்முன் நிகழ்ந்ததனைக் கண்டும் காணாதேம் ஆயினேம்.

மார்கழியில் நோன்பு நிறைவெய்தும் நாளன்று மீண்டும் சித்தேரிக்கே சென்றேம். அம்முதியவரைக் காணேம். கல் நனைந்திருந்தது, எமக்கு முன்னரே எவரோ நீராட்டிச் சென்றிருந்தனர். எம் செம்பில் எஞ்சிய நீரை வார்த்து, ஐந்தெழுத்தோதித் தொழுது, சாமை அறுத்த தாள் கிடந்த சரிவின் வழியே மெல்ல இறங்கினேம்.