கோட்டருகே நிற்கும் நெட்டையன்

2024 மே 24 அன்று மினியாபொலிசில் நடந்த ஆட்டத்தின் கடைசி வினாடிகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கூடைப்பந்தே பார்க்காத என் நண்பர்களின் கைப்பேசிக்கும் அந்தத் துண்டுக் காணொளி வந்து சேர்ந்தது. நமக்கு இங்கே அது சனிக்கிழமை காலை. மினசோட்டா 108, டாலஸ் 106. டாலசின் லூக்கா டோன்சிச் கையில் பந்து. அவருக்கு எதிரே, மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பக்கத்தில், வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரி ரூடி கோபேர். உயரம் 2.16 மீட்டர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் என்பிஏவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்காவது முறையாகப் பெற்றிருந்தார். அவருக்கு முன் அதை நான்கு முறை பெற்றவர்கள் இருவர்தான். லூக்கா உள்ளே பாய்வது போல ஓர் அசைவு காட்டினார். கோபேரின் உடல் பின்னால் போனது. அதே கணத்தில் லூக்கா பின்னோக்கித் துள்ளி எறிந்தார். 109-108. மீதி 3 வினாடி. மினசோட்டாவின் கடைசி முயற்சி வளையத்தில் பட்டு வெளியே போனது.

அதற்குப் பிறகு வந்த கேலிதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. இந்த ஆளுக்கா நாலு விருது, இவன் காலைப் பாரு, மரம் மாதிரி நிக்கிறான், இந்த ரீதியில். ஒரு மனிதனால் முடியாததை அவன் செய்யவில்லை என்று பழிப்பது சரியா? ‘செய்ய வேண்டும்’ என்று ஒருவனிடம் சொன்னால் ‘அவனால் செய்ய முடியும்’ என்பது அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கான்ட்டின் பெயரில் ஒரு பழைய விதி சொல்லப்படுகிறது. அதை வைத்து கோபேரை விடுதலை செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விஷயம் அவ்வளவு லேசாக முடிவதில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓர் அணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள் கார்டுகள். பொதுவாகக் குட்டை, வேகம். வளையத்துக்குக் கீழே நின்று பாதுகாப்பவர் சென்டர். நெட்டை, கனம். கார்டு வேகமாக வரும்போது அவரைத் துரத்தி வருகிறவரின் வழியில், தாக்கும் அணியின் நெட்டையர் போய்ச் சுவர் மாதிரி நிற்பார். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். துரத்தியவர் சுவரில் மோதிக்கொள்ள, அந்தச் சுவருக்குக் காவல் நின்ற எதிரணி சென்டர்தான் இப்போது கார்டின் முன்னால் இருக்கிறார். ஆளை மாற்றிக்கொள்வதை ஸ்விட்ச் என்பார்கள். மாறாமல், சென்டர் பின்வாங்கி வளையத்தருகே காத்திருக்கவும் செய்யலாம். முன்பெல்லாம் அதுவே போதுமாக இருந்தது. 7.24 மீட்டர் தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிவதைக் கார்டுகள் அன்றாட வேலையாக்கிய பிறகு போதவில்லை. 2004இல் எதிராளியின் மேல் கையை வைத்து வேகத்தைக் குறைக்கும் பழக்கத்துக்கு என்பிஏ கடிவாளம் போட்டது. நெட்டையருக்கு இருந்த கடைசி ஊன்றுகோலும் அதோடு போயிற்று. இப்போது எதிரணியின் நெட்டையரைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்து வருவதே ஒரு தாக்குதல் முறை. வேட்டை என்றே சொல்கிறார்கள்.

இழுத்து வரப்பட்ட நெட்டையர் என்ன செய்யலாம்? வேகத்தோடு வேகத்தால் போட்டி போட்டால் தோற்பார். அவரிடம் இருக்கும் சரக்கு நீளம். கோபேரின் விரித்த கைகளின் அளவு சுமார் 2.35 மீட்டர். எனவே ஒரு குட்டை ஆள் விடும் இடைவெளியைவிட அரை அடி அதிகமாக விட்டு நின்றாலும் எறிதலைக் கையால் எட்ட முடியும். இடுப்பைத் தாழ்த்த வேண்டும். கால்களைக் குறுக்கே போடாமல் நண்டு மாதிரி நகர வேண்டும். எதிராளியின் பலவீனமான கைப்பக்கம், தன் தோழர்கள் காத்திருக்கும் பக்கம் அவனை ஒதுக்க வேண்டும். போலி அசைவுக்குக் குதிக்கவே கூடாது. தாண்டிப் போய்விட்டால் நின்றுவிடாமல் பின்னாலிருந்து துரத்தி, பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் நிழலாவது விழச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இரண்டையும் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எறிதலைத் தடுக்க ஒட்டி நின்றால் தாண்டிப் போவான். தாண்டுவதைத் தடுக்கத் தள்ளி நின்றால் எறிவான். எதை விட்டுக்கொடுப்பது என்று அவன் அசைவதற்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. சிம்பாங் ரெங்கம், நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமைத் தாண்டித் தெற்கே வந்தால் கிடைக்கும் சின்னப் பட்டணம். சுற்றி செம்பனையும் அன்னாசியும். தமிழ்ப் பையன்களுக்குக் கால்பந்து, சீனப் பையன்களுக்குக் கூடைப்பந்து என்று யாரும் எழுதாத ஒரு பாகப்பிரிவினை உண்டு. உயரமாக இருந்ததால் என்னை மட்டும் இந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். “நீ உயரம்லா, கீழ போய் நில்லு.” அவ்வளவுதான் பயிற்சி. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட யாரும் சொல்லித்தரவில்லை. நெட்டையனுக்கு அது எதற்கு? பிறகு அந்தப் பையன்களும் கைப்பேசியில் என்பிஏ பார்த்துப் பார்த்து, ஸ்கிரீன் போட்டு என்னை வெளியே இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். கீழே நின்றபோது மதில். வெளியே வந்தால் வேடிக்கை.

அந்த மாலை ஆட்டங்களில் ஐம்பது வயது தாண்டிய ஒரு சீன அங்கிளும் விளையாடுவார். முட்டியில் உறை மாட்டிக்கொண்டு வருவார். அவரை யாரும் வேட்டையாட மாட்டார்கள். அவர் எதிரே ஸ்விட்ச் ஆகிவிட்டால்கூட பந்தை வேறு ஒருவருக்குத் தள்ளிவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. ஒருமுறை கூலாயிலிருந்து வந்த ஒரு பையன் அவரை நான்கு தடவை தொடர்ந்து தாண்டிப் புள்ளி எடுத்தான். யாரும் திட்டவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அணி பிரித்தபோது அவனை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே அங்கிள் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்து இறங்கியிருந்தால், அவரைத் தேடிப் போகாதவனைத்தான் நாங்கள் திட்டியிருப்போம். மாலை ஆட்டத்துக்கு நாளைக்கும் பத்துப் பேர் வர வேண்டும். போட்டிக்கு அந்தக் கவலை இல்லை. பலவீனமானவனைத் தேடிப் பிடித்து அடிப்பது அநீதியா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. கோபேர் விஷயத்தில் லூக்கா செய்தது அநீதி என்று ஒருகணமும் நினைத்ததில்லை.

சரி, கோபேருக்கு வருவோம். மினசோட்டா இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தது. லூக்கா உள்ளே போய்ப் போட்டிருந்தால் சமன், கூடுதல் நேரம். மூன்று விழுந்தால் தோல்வி. எனவே விட்டுக்கொடுக்க வேண்டியது உள்வழி. கோபேரின் உடல் விட்டுக்கொடுத்தது வெளிவழி. வாழ்நாள் முழுக்க வளையத்தைக் காத்த உடல் அது, ஆபத்து என்றதும் வளையத்தை நோக்கித்தான் சாயும். இந்தத் தேர்வை விமர்சிக்கலாம். விமர்சிக்கத்தான் வேண்டும். கான்ட் இங்கே அவருக்குத் துணைக்கு வரமாட்டார், ஏனென்றால் இது அவரால் முடிந்த ஒன்று. ஆனால் கேலி செய்தவர்கள் பேசியது தேர்வைப் பற்றி அல்ல, காலைப் பற்றி. 2.16 மீட்டர் உடல் மெதுவாகத் திரும்புவதை ஒரு குணக்கேடு மாதிரிப் பேசினார்கள். அந்தப் பழியை என்னால் ஏற்க முடியவில்லை. லூக்காவும் பெரிய ஓட்டக்காரர் அல்ல என்பது இதில் ஒரு வேடிக்கை. அவருடைய வேகம் நிற்பதில் இருக்கிறது. பாய்ந்து வந்து சட்டென்று நிற்பார், எதிராளியால் நிற்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கெவின் லவ் இருக்கிறார். 2016 ஜூன் 19, ஓக்லண்ட், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். 89-89 என்று இருந்தபோது கிளீவ்லண்டின் கைரி அர்விங், ஸ்கிரீன் மூலம் ஸ்டீபன் கரியைத் தன் முன் வரவழைத்து, அவர் தலைக்கு மேல் மூன்று புள்ளி போட்டார். 53 வினாடி மீதி. அடுத்து கோல்டன் ஸ்டேட் அதே வேலையைச் செய்தது: கரியின் முன்னால் கெவின் லவ். 2.08 மீட்டர், தடுப்பாட்டத்தில் சுமார் என்று பெயர் வாங்கியவர். முன்னிலை மூன்று. லவ் ஒட்டி நின்றார். உள்ளே போகிறாயா, போ, இரண்டு புள்ளி எடுத்துக்கொள், இங்கிருந்து மட்டும் எறியாதே என்று உடலால் சொன்னார். கரி இப்படி ஆடினார், அப்படி ஆடினார், பந்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார், கடைசியில் எறிந்தார். விழவில்லை. 93-89. கிளீவ்லண்டுக்கு முதல் பட்டம்.

லவ்வின் தேர்வு சரியானது. ஆனாலும் கரி அதைவிடக் கடினமான எறிதல்களை எத்தனையோ போட்டவர். அன்று அவர் 14 முறை மூன்று புள்ளிக்கு எறிந்ததில் 4 விழுந்தன. அந்த ஒன்று ஐந்தாவதாக விழுந்திருந்தால் லவ்வின் கால்கள் ஓர் அங்குலம்கூட வேறு இடத்தில் இருந்திருக்காது, பெயர் மட்டும் வேறாகியிருக்கும். பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அறத்தின் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பார்க்கலாம். நம் கையில் இல்லாதவை நம்மைப் பற்றிய தீர்ப்பில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பலனைப் பாராதே என்று இதற்கு உடனே ஓர் உபதேசம் வரும். பலனைப் பாராத பயிற்சியாளரை எந்த அணி வைத்திருக்கும்?

அதிர்ஷ்டம் ஒரு பக்கம். பார்க்கிறவனின் கண் இன்னொரு பக்கம். 2021 ஜூன் 18, லாஸ் ஏஞ்சலிஸ். கோபேர் அப்போது யூட்டா அணியில். 25 புள்ளி முன்னிலையிலிருந்து 131-119 என்று தோற்றுத் தொடரைவிட்டே வெளியேறினார்கள். எதிரணியின் டெரன்ஸ் மேன் 39 புள்ளி எடுத்தார், அதில் ஏழு மூன்று புள்ளிகள். அவற்றில் பல, மூலையில் கோபேர் விட்டுப்போன இடத்தில் நின்று எறிந்தவை. கோபேர் ஏன் விட்டுப்போனார் என்று காணொளியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் தெரியும். வெளிக்கோட்டில் யூட்டாவின் கார்டுகள் முதல் அடியிலேயே தாண்டப்பட்டார்கள். வளையத்தைக் காக்க கோபேர் ஓடினார். மூலை காலியானது. கார்டு தோற்றால் பின்னால் கோபேர் இருக்கிறார். கோபேரை வெளியே இழுத்தால் பின்னால் யார் இருக்கிறார்கள்? இந்தக் கொடுக்கல் வாங்கலில் கணக்கு நேராகவே இல்லை. ஆனால் படத்தின் கடைசிச் சட்டகத்தில் கையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக வந்து சேர்வது அவர்தான். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் நிரப்பும் படிவத்திலும் கடைசியாகத் தொட்டவர் பெயருக்குத்தான் பெரிய கட்டம். அதற்கு முன் மூன்று மாதம் பராமரிப்பைத் தள்ளிப்போட்டவர் பெயருக்குக் கட்டமே கிடையாது.

இந்த விளையாட்டில் நம் பக்கத்து ஆள் என்று சொல்லக்கூடியவர் சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். 14 வயதில் புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2.18 மீட்டர். 2015 ஜூன் 25 அன்று டாலஸ் அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வானவர் அவருக்கு முன் யாருமில்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் பட்டம் வென்றிருந்தது. எப்படி? இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்திலிருந்து 2.13 மீட்டர் சென்டரான ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, அவரைவிடக் குட்டையான, யாரையும் துரத்தக்கூடிய ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கி. எந்த உயரத்துக்காக சத்னாமைக் கிராமத்திலிருந்து கொண்டுவந்தார்களோ, அந்த உயரத்தின் விலை அந்த மாதமே இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் என்பிஏவின் ஒரு முறையான ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், திறமையில் இடைவெளி இருந்தது. ஆனால் பதினான்கு வயதில் ‘நீ உயரம், கீழே நில்’ என்று கேட்டவனிடம் பத்தொன்பது வயதில் ‘ஏன் உனக்கு வெளியே நிற்கத் தெரியவில்லை?’ என்று கேட்கும்போது, அந்தக் கேள்வி போக வேண்டிய முகவரி அவன் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

கோபேரும் லூக்காவும் மறுபடி சந்தித்தார்கள். 2025 ஏப்ரல் 30, லாஸ் ஏஞ்சலிஸ். லூக்கா இப்போது லேக்கர்ஸ் அணியில். அந்த அணி வேகத்தை நம்பிக் குட்டை வரிசையோடு இறங்கியது. மினசோட்டா அன்று 47 முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 7 மட்டும் போட்டது. விழாத பந்துகள் வளையத்தடியில் வந்து விழுந்தன. அங்கே நின்றிருந்தவர் 24 பந்துகளைப் பிடித்து, 27 புள்ளி எடுத்தார். 103-96, தொடர் முடிந்தது. நண்பர்கள் யாரும் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பவில்லை. நானே தேடி எடுத்துப் பார்த்தேன்.