அச்சமும் பீதியும்

கேரளமும் தமிழகமும் தோளொடு தோள் உரசி நிற்கும் எல்லைச் சிற்றூர் பனச்சமூடு. அங்கே தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் உலவுகின்றன. மலையாளத்தில் ‘பேடி’ என்றால் அச்சம். தமிழிலோ அது கோழையைப் பழிக்கும் சொல். ‘எனக்குப் பேடி’ என்று ஒருவர் தம் அச்சத்தைச் சொல்ல, மற்றவர் காதில் அது இழிவாக விழக்கூடும். அஞ்சுவது வேறு, கோழையாவது வேறு என்பதை இவ்விரு மொழிகளின் சந்திப்பே நமக்கு உணர்த்துகிறதன்றோ?

ஆங்கிலத்தில் ‘பானிக்’ என்றொரு சொல் உண்டு. அதன் வேர் கிரேக்க நாட்டில் உள்ளது. ஆர்க்காடிய மலைகளில் ஆயர் வழிபட்ட, ஆட்டுக்கால் கொண்ட தெய்வம் பான். தனித்த காட்டில் காரணம் தோன்றாமல் மந்தையும் மாந்தரும் வெருண்டோடினால், அது பானின் செயல் என்றனர். ஆகவே இச்சொல் வெறும் அச்சத்தைக் குறிப்பதன்று. திடீரெனப் பற்றி, ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவி, சிந்தனையை அழிக்கும் அச்சத்தையே குறிக்கும். இதற்கு நாம் இன்று ‘பீதி’ என்கிறோம். வடமொழியில் பொதுவாக அச்சம் எனப் பொருள்படும் இச்சொல், நம் செய்தித்தாள்களில் பெரும்பாலும் ஊரையே கலக்கும் அச்சத்துக்கு உரியதாகிவிட்டது.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஒவ்வோர் அச்சத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்பது இதனால் விளங்கும். பொருளை இழந்த அச்சமே பீதி.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிச் சிறிது நேரத்தில் அகன்றது. கப்பல் போன பின்னும் மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே அழிந்தது. ‘எம்டன்’ என்னும் சொல்லோ தமிழில் தங்கிவிட்டது.

நம் காலத்துச் சான்று இன்னும் உருக்கமானது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சல் முதலிய குமரிக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்று நடுவணரசிடமிருந்து எச்சரிக்கை பிறந்தது. இறந்தோரைப் புதைத்த கைகள் ஈரம் உலருமுன் கடலோர மக்கள் உள்நாடு நோக்கி ஓடினர். அலை வரவில்லை; அவ்வெச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அன்றே சொல்லப்பட்டது.

ஓடியவர்களைக் கோழைகள் எனலாமா? ஒருகாலும் ஆகாது. அஞ்சத் தக்கதை அஞ்சாதிருப்பது பேதைமை என்பதன்றோ வள்ளுவர் நெறி? கடலை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை; இழப்பின் நினைவு மட்டுமே இருந்தது. ஆகவே பீதியின் பழி ஓடுபவனைவிட, ஆராயாமல் செய்தியை எடுத்துரைப்பவனையே மிகுதியும் சாரும். எனினும் எச்சரிக்கை மெய்யாயின், வாய் மூடியிருப்பது அதனினும் பெரும் பழி. எனவே உரைப்போன் கடமை மௌனமன்று; தெளிவு.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சு பதறுகிறது. அப்பதற்றம் அன்பின் மறுபெயர், நாணத் தக்கதன்று. ஆயினும் கேட்டதைப் பிறர்க்கு உரைக்குமுன் ஒரு வினா எழுப்புவோம்: யார் கண்டது? அவ்வொரு வினா பீதியை மீண்டும் அச்சமாக்கும். அச்சத்துக்கோ வழி காட்டலாம். குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கவும் அதற்குத் தெரியும்.