நாகசேனரும் விட்ஸ் காரின் சில்லும்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கறுத்தப் பாலத்தைத் தாண்டிப் போனால் படுவான்கரை வயல்களுக்கு நடுவே கரடியனாறு வரும். பெரிய வீதி தார் போட்டது. அதிலிருந்து ஊர்மனைகளுக்கும் வாடிகளுக்கும் பிரிகிற பாதைகள் பெரும்பாலும் கிரவல். மாரி முடிந்த கையோடு அவற்றில் சின்னக் கார் ஓட்டியவர்களுக்குச் சில்லு எப்படி நெளியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் நின்ற குழிக்கு ஆழம் தெரியாது. அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் டயர் பாதிக் காற்றோடு நிற்கும்.

நெளிந்த சில்லுக்குப் பதிலாக எந்தச் சில்லு பொருந்தும்? கடையில் கேட்கிற கேள்விதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே போனால், பௌத்தரும் நையாயிகரும் சைவரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட ஒரு வழக்கின் நடுவில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் கடை. டொயோட்டா விட்ஸ், ஹொண்டா ஃபிட், நிசான் மார்ச் மூன்றும் நம்முடைய வீதிகளில் சாதாரணமாக ஓடுகிற நாலு நட் வண்டிகள். மூன்றிலும் நான்கு போல்ட்டுகள் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே வட்டத்தில்தான் நிற்கின்றன. கண்ணால் பார்த்தால் ஒன்றின் சில்லு மற்றதற்கு ஏறும் என்றே தோன்றும். வில்லங்கம் நடுத்துளையில் இருக்கிறது. விட்ஸின் ஹப் 54.1 மி.மீ., ஃபிட்டினது 56.1, மார்ச்சினது 60.1. மார்ச் சில்லை விட்ஸில் மாட்டினால் ஏறும். ஆனால் ஹப்பைச் சுற்றிவர 3 மி.மீ. இடைவெளி இருக்கும். சில்லை நடுவில் வைத்திருக்கும் வேலை முழுவதும் நட்டுகளின் தலையில் விழும். இம்மியளவு விலகினாலும் வேகமெடுக்கையில் ஸ்டியரிங் கையில் உதறும். அதற்காகத்தான் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் விற்கிறார்கள். மறுவளமாக, விட்ஸின் சில்லை மார்ச்சில் மாட்டப்போனால் ஏறவே ஏறாது.

நட்டிலும் இதே கதை. டொயோட்டா, ஹொண்டா நட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ.; சுசுக்கி, நிசானில் 1.25. டொயோட்டா நட்டைச் சுசுக்கி வேகன் ஆரின் போல்ட்டில் வைத்தால் முதல் சுற்றுச் சும்மா போகும், அடுத்த சுற்றில் இறுகும். ‘கொஞ்சம் துரு’ என்று நினைத்து ஸ்பானரால் பலம் கொடுத்தால் மரை போய்விடும். டயர் அளவிலோ கணக்கு நேர்மாறாக இருக்கிறது. விட்ஸின் 165/70 ஆர்14 டயரைக் கழற்றி 185/55 ஆர்15 போட்டால் சில்லு ஒரு அங்குலம் பெரிது. ஆனாலும் டயரோடு சேர்த்த முழு விட்டம் 586.6 மி.மீ. இலிருந்து 584.5க்குத்தான் வருகிறது. வேகமானிக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றுபோல் தெரிவது பொருந்தாமல் போகிறது. வேறாகத் தெரிவது பொருந்திவிடுகிறது.

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை இலங்கைக்குள் புதிய கார்கள் வர முடியவில்லை. இருந்ததையே ஓட்ட வேண்டியிருந்தது. சில்லு, கதவு, கியர்பெட்டி என்று உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிப் பூட்டினார்கள். அந்த வருடங்களைக் கடந்து வந்த ஒரு காரைக் காட்டி, இது முன்பு வாங்கிய அதே கார்தானா என்று கேட்டால் அதை விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது. சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்ற பிக்குணி, மனத்தைக் கலைக்க வந்த மாரனுக்குச் சொல்கிறாள்: பாகங்கள் கூடியபோது தேர் என்கிறோம், அதுபோலத்தான் உயிர் என்பதும் ஒரு வழக்குச் சொல். மிலிந்த பஞ்ஹாவின் நாகசேனர் இதே உவமையை எடுத்து, கிரேக்க வழி வந்த மெனாந்தர் அரசனை மடக்குகிறார். நீ தேரில் வந்தாயே, அச்சா தேர், சில்லா தேர், நுகமா தேர்? ஒவ்வொன்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோசரும் அதே தேரை ஓட்டுகிறார். புகழ் நாகசேனருக்குப் போயிற்று, வஜிராவை நினைப்பவர்கள் குறைவு. தத்துவ உலகிலும் இது நடக்கிறதுதான்.

நியாய மரபினரான நையாயிகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பாகங்களுக்கு மேல் முழுமை என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்றார்கள். நியாய சூத்திரம் அதற்குக் காட்டும் காரணங்களில் ஒன்று, ஒரு பாகத்தைப் பிடித்தால் முழுப் பொருளையும் பிடிக்கவும் இழுக்கவும் முடிகிறதே என்பது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரின் வடத்தில் கை வைத்தவர்களுக்கு இந்த நியாயம் தோளிலேயே விளங்கும். இழுப்பது கயிற்றை, வருவதோ தேர். ஆனால் இவர்களின் தோழர்களான வைசேடிகரிடம் ஒரு சங்கடமும் உண்டு. ஒரு பாகம் போனாலோ சேர்ந்தாலோ பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதன்படி பார்த்தால், சில்லு மாற்றுகிற ஒவ்வொரு முறையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்ப் புதிதாகப் பதிய வேண்டும்.

இரு பக்கத்தாரும் கடைக்காரரின் கேள்வியைக் கேட்கவில்லை. நாகசேனரின் அடுக்கில் சில்லு, ஏதோ ஒரு சில்லு. வைசேடிகரின் கணக்கிலும் பாகம் என்றால் ஏதோ ஒரு பாகம். ஏழாம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி மட்டும் ஒரு படி மேலே போய், பாகங்களின் அமைப்புத்தான் தேரா என்றும் விசாரித்து, அதையும் மறுத்தார். அமைப்பு என்பது பாகங்களை விட்டால் கிடையாதாம். ஆனால் விட்ஸ் சில்லுக்கும் ஃபிட் சில்லுக்கும் அமைப்பில் ஒரு வேறுபாடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருந்தும் ஒன்று சரியாக உட்காருகிறது, மற்றது ஆடுகிறது. 54.1 என்பது ஹப்பில் ஒரு அளவு, சில்லில் இன்னொரு அளவு. தனித்தனியே அவற்றுக்கு ஒரு பொருளும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற பேச்சே எழுகிறது. தேர் வெறும் பெயர் என்றால், அந்தப் பெயர் எந்தச் சில்லையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது ஏற்றுக்கொள்வதில்லை. நாகசேனருக்கு எதிராக இந்தக் கட்டுரை வைக்கும் வழக்கு இவ்வளவுதான். பாகங்களைச் ‘சார்ந்து’ பெயர் எழுகிறது என்று அரசன் வாயால் அவர் சொல்லவைத்ததில் இதற்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சந்திப்பை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் சைவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் அத்துவிதம் என்பதற்கு ‘ஒன்றே’ என்று பொருள் சொல்லவில்லை. இரண்டாக இருந்தும் பிரிந்து நில்லாத உறவு என்றார். கோயில் வழக்கம் இதை நடைமுறையிலேயே செய்துகாட்டுகிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் வைப்பார்கள். சிதைந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவார்கள். கும்பாபிஷேகத்தில் திரும்ப எழுந்தருளச் செய்வார்கள். கல் மாறினாலும் சாமி மாறியதாக எந்த அடியாரும் சொல்வதில்லை. ஆனால் புதுக் கல்லை ஆகம அளவு தப்பி வைக்கவும் விடமாட்டார்கள். முழுமையை நம்புகிறவர்கள்தான் பாகத்தின் அளவில் இத்தனை கறாராக இருக்கிறார்கள்.

திருவாரூர் ஆழித்தேரையும் பாருங்கள். 96 அடி உயரத் தேர் 1926இல் தீயில் எரிந்தது. மறுபடி கட்டினார்கள். நெடுநாள் நிலையிலேயே நின்றுவிட்டு 1970இல் திரும்ப ஓடியது. மரச் சில்லுகளின் இடத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சில்லுகளும் அச்சுகளும் வந்தன, ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. பழைய மரம் எவ்வளவு மிச்சம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தியாகராசரின் தேர் என்றே வடம் பிடிக்கிறார்கள்.

இதற்கு 1655இல் ஒரு குறுக்குக் கேள்வி வந்தது. பலகை பலகையாக மாற்றிப் புதுப்பித்த, கிரேக்கக் கதைநாயகன் தீசியஸின் கப்பலில் கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது பழைய கப்பல் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். நமது ஊரில் இதற்கு விடை தேட நூலகம் போக வேண்டாம். நெளிந்த அலோய் சில்லைத் தட்டி நிமிர்த்தி விற்கிறார்கள், அது இன்னொருவரின் விட்ஸில் ஏறுகிறது. அவரிடம் போய், என் காரில் கால்வாசி உங்களிடம் இருக்கிறது என்று யாரும் உரிமை கேட்டதில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் கார் எது என்பதைச் சொல்வது செசி இலக்கம். ஹாப்ஸின் பலகைகளுக்கு அந்த வசதி இல்லை.

புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோல் மாற்றிய சில்லுக்கும் ஒன்று உண்டு. விட்ஸுக்கு 103 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையில், பக்கத்துக்குப் பக்கம் போகாமல் எதிரெதிராக நட்டுகளை இறுக்க வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி, நான்கு சில்லிலும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். கிரவல் பாதையில் ஓடுகிறவர்கள் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள்.