மூன்றாம் தடவை வந்து நிற்கும் பிள்ளை



சில வருஷங்களுக்கு முன்னே எங்கள் சபையில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. கடைசி நாள் ஆராதனை முடிந்ததும், செய்தி கொடுத்த ஊழியக்காரரிடத்தில் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. "ஐயாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லும்மா, தலையில கை வச்சு ஜெபிப்பாங்க" என்றேன். அவளோ அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் கையைப் பிடித்து இழுத்தேன். அழுதாள். வீட்டுக்கு வந்து, "பாஸ்டர் பிள்ளை இப்படியா நடந்துக்கிறது?" என்று திட்டினேன்.

அந்த ஊழியக்காரர் நல்ல மனுஷன். மைக்கில் அவர் சத்தமாய்ப் பேசினதுதான் பிள்ளையைப் பயப்படுத்தியிருக்கிறது. அவரைக் குறித்து அவள் பயந்தது தவறுதான். ஆனால் என் தவறு அதைவிடப் பெரியது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது.

டியூஷனில் ஒருவர் அவளை ஸ்கேலால் அடித்து வந்திருக்கிறார். காலில் இருந்த தழும்பை என் மனைவிதான் பார்த்தாள். "ஏம்மா அப்பாகிட்ட சொல்லலே?" என்று கேட்டேன். "போகமாட்டேன்னு ரெண்டு தடவை சொன்னேனேப்பா. அன்னைக்கு சர்ச்ல திட்டின மாதிரியே திட்டினீங்க. அப்புறம் சொல்லலே" என்றாள். அன்று இரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, பிள்ளைகளின் உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்பலாம்? சிலர், குழந்தைக்குத் தெரியாததா, அது தப்பே செய்யாது என்பார்கள். வேறு சிலர், அதெல்லாம் பிடிவாதம், பிரம்பை எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல.

சிருஷ்டிகர் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பிறந்த சிசுவின் கன்னத்தைத் தொட்டால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே பால் தேடி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறது. பிறந்து மூன்று நாள் ஆகாத சிசுக்களே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிகின்றன என்று 1980-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

1960-ல் அமெரிக்காவில் எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கெட்டிக் கண்ணாடி போட்ட மேஜை. ஒரு பாதி சாதாரணத் தரைபோல இருக்கும். மறுபாதியில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். நடுவிலிருந்து தவழ்ந்து நகர்ந்த 27 குழந்தைகளில் 3 பேர் மாத்திரமே பள்ளத்தின் பக்கம் போனார்கள். ஆனாலும் தவழ ஆரம்பித்தவுடனே எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பயம் இருப்பதில்லை, தவழத் தவழத்தான் வலுக்கிறது என்று பின்னால் கண்டார்கள். உள்ளுணர்வு ஒரு விதை. அது வளரவேண்டும்.

1985-ல் வேறு சிலர் அதே மேஜையில் பள்ளத்தைச் சிறியதாக்கினார்கள். போகலாமா வேண்டாமா என்று ஒரு வயதுப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரே நின்ற தாயின் முகத்தைப் பார்த்தார்கள். தாய் சிரித்தபோது 19 பேரில் 14 பேர் கடந்து போனார்கள். தாய் பயந்த முகம் காட்டினபோது 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை!

இதைச் சற்று சிந்தித்துப் பாருங்கள். சந்தேகம் வரும்போது பிள்ளை நம் முகத்தை நம்புகிறது. உள்ளே ஏதோ சரியில்லை என்று அது தயங்கும்போது, "போ, ஒண்ணும் ஆகாது" என்று நாம் தள்ளினால், தன் உணர்வைத் தள்ளிவிட்டு நம் பேச்சைக் கேட்கும். அப்படியே பழகின பிள்ளை உண்மையான பள்ளத்திலும் இறங்கிவிடும். அந்தப் பாரம் யார்மேல் வரும்?

சீலோவில் சிறுவன் சாமுவேல் ராத்திரியில் எழுந்து ஏலியிடம் ஓடினான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை வந்தபோதுதான், பிள்ளை சும்மா வரவில்லை என்று அந்த வயோதிபருக்கு உறைத்தது. கண் மங்கினாலும் காது மங்கவில்லை. காலையில் பிள்ளை சொல்லப் பயந்தபோது, ஒன்றையும் மறைக்காதே என்று கேட்டார். கேட்ட செய்தியோ அவர் குடும்பத்துக்கே விரோதமானது. ஆனாலும் பிள்ளையை அடிக்கவில்லை, வாயை அடைக்கவில்லை.

அருமையான பெற்றோரே, ஊசி போடுகிற டாக்டரைக் கண்டும் பிள்ளை அலறும். அதற்காக ஊசியை விட்டுவிடுகிறோமா? மடியில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு போடுகிறோம். பிள்ளை பயப்படுவதாலேயே எதிரே இருப்பவர் கெட்டவர் ஆகிவிடமாட்டார். ஆனால் அந்தப் பயத்தை விசாரிக்காமல் விடுவது நம் குற்றம். உறவினரானாலும் ஊழியரானாலும், கட்டிப்பிடி, முத்தம் கொடு என்று பலவந்தம் பண்ணவேண்டாம். தள்ளி நின்று கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னால் மரியாதைக்கு அது போதும். ஒரு இடத்துக்கு, ஒரு ஆளிடத்துக்குப் போகமாட்டேன் என்றால், திட்டுவதற்கு முன்னே தனியே உட்கார்ந்து, "ஏன் கண்ணு?" என்று கேளுங்கள்.

கேட்ட செய்தி நம் வீட்டுக்கோ சபைக்கோ விரோதமாயிருந்தாலும் மூடவேண்டாம். பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012-ம் வருஷத்து போக்சோ சட்டம் சொல்லுகிறது. 1098 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறாள், நான் கேட்கிறேன். பழைய நம்பிக்கை முழுவதும் திரும்ப வர நாளாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று எத்தனையாம் தடவை வந்து நிற்கிறது? மூன்றாம் தடவை வரைக்கும் காத்திராதிருங்கள். கர்த்தர் நம் காதுகளைத் திறப்பாராக. ஆமென்.